அய்யனுக்குப் போட்ட வேலி

அந்த வருஷம் மூளிக்காதுக்கு ஒரு குட்டியாவது தங்க வேண்டும். சந்தனத்துக்கு வேறு வேண்டுதல் இல்லை.

மூளிக்காது ஒரு புள்ளிமான். குட்டியாக இருந்தபோது நாய் கவ்வியதில் இடது காதில் பாதி போய்விட்டது. பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் மூன்று ஈற்று ஈன்றிருந்தாள். மூன்றையும் சந்தனம்தான் மண்ணுக்குள் வைத்தார். முதல் குட்டிக்குக் கீழ்த்தாடை ஒரு விரற்கடை உள்ளே போயிருந்தது. காம்பைக் கவ்வ வாய் கூடவில்லை, பால் கட்டி நின்ற மடிக்குக் கீழேயே பட்டினியில் செத்தது. இரண்டாவதற்குப் பின்னங்கால் ஊன்றவில்லை. நான்கு காலையும் நாலு பக்கம் பரப்பிக்கொண்டு இரண்டு நாள் தரையில் நீந்திவிட்டு அடங்கியது. மூன்றாவதுதான் கழுத்தை அறுத்தது. நன்றாக நின்றது, முட்டி முட்டிப் பால் குடித்தது, சந்தனம் ராக்கம்மாளிடம் போய்ப் பெருமை பேசிவிட்டு வந்தார். ஒன்பதாம் நாள் வயிறு உப்பிக் கிடந்தது. எடுக்கப் போனவரை மூளிக்காது முட்ட வந்தாள். முட்டட்டும், அவளுக்கு இல்லாத உரிமையா.

மற்ற மான்கள் ஈன்றதும் இதே லட்சணம்தான். ஒன்றுக்குக் கண்ணில் பால் படர்ந்திருக்கும், ஒன்று பிறக்கும்போதே முயல் அளவுதான் இருக்கும். பத்து பிறந்தால் ஒன்று பிழைக்கும். அதுவும் ஏன் பிழைத்தோம் என்று நொண்டிக்கொண்டு திரியும்.

இதெல்லாம் நடந்த இடம் வீரபாண்டிக்குத் தெற்கே அர்த்தநாரியின் தோட்டம். முப்பது ஏக்கர், நடுவே ஒரு ஓடை. ஒரு பக்கம் அவருடைய பனியன் கம்பெனி, மறுபக்கம் பைபாஸ் ரோடு. சந்தனம் அருப்புக்கோட்டைப் பக்கத்து ஆள். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் பெண்டாட்டி ராக்கம்மாளோடு ரயிலேறி வந்து, அந்தக் கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஓட்டினார். பஞ்சு நெஞ்சில் இறங்கிவிட்டது. இருமினால் நிற்காது. இனி மிஷின் பக்கம் போனால் ஆள் தேறமாட்டார் என்று டாக்டர் சொன்னபோது, வேறு முதலாளியாக இருந்தால் ஊருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்திருப்பான். அர்த்தநாரி அப்படிச் செய்யவில்லை. தோட்டத்தில் ஒரு தகரக் கொட்டகை கொடுத்து, மான்களைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ராக்கம்மாளுக்குக் கம்பெனியில் துணி செக்கிங் வேலை தொடர்ந்தது. நல்ல மனுஷர். இந்தக் கதை முடிகிறவரை அவர் நல்ல மனுஷர்தான், அதுதான் பெரிய தலைவலி.

அர்த்தநாரியின் அப்பா செத்த பதினொன்றாம் நாள் ஓடைக்கரையில் சோறு வைத்தார்கள். காக்கை வரவில்லை. அர்த்தநாரி ஈர வேட்டியோடு ஒரு மணி நேரம் கூப்பிட்டுப் பார்த்தார்; பங்காளிகள் பேண்ட் பாக்கெட்டில் போனைத் தடவிக்கொண்டு வெயிலில் நின்றார்கள். அப்போது அங்கே திரிந்துகொண்டிருந்த நாலைந்து மான்களில் ஒரு ஆண் குட்டி புதரிலிருந்து வந்து இலையில் வாய் வைத்தது. அர்த்தநாரி அப்படியே மண்ணில் விழுந்து கும்பிட்டார். அன்றிலிருந்து அந்தக் குட்டி அவருக்கு அய்யன். கொங்கு நாட்டில் பெற்ற தகப்பனை அப்படித்தான் சொல்வார்கள். கம்பெனியில் கட்டிங் மாஸ்டரிலிருந்து கணக்கெழுதுகிறவர் வரைக்கும் அதை அய்யன் என்றுதான் சொல்ல வேண்டும், மான் என்று சொல்லிவிடக் கூடாது.

அய்யனை நாய் கடித்துவிடக் கூடாது, லாரி அடித்துவிடக் கூடாது. ஆகவே தோட்டத்தைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் கம்பிவேலி போட்டார். பைபாஸ் பாலத்துக்கு அடியில் ஓடை நுழைகிற இடத்தையும் இரும்பு வலையால் அடைத்தார். வேலிக்குள் கிடா மான் எதற்காவது கொம்பு முளைத்தால் அது ஒருநாள் அய்யனை முட்டுமே? பெற்ற தகப்பனை எவனோ முட்டுவதை எந்த மகன் பார்த்துக்கொண்டிருப்பான்? கொம்பு முளைத்த கிடாயையெல்லாம் கேட்டைத் திறந்து வெளியே விரட்டினார்கள். ஆக, பன்னிரண்டு வருஷமாக வேலிக்குள் ஒரே ஆண் அய்யன்தான். தங்கச்சி, மகள், பேத்தி என்று பெண்மான் அத்தனையும் அவருக்குத்தான். அதைக் கண்ணால் பார்த்தவர் சந்தனம். பார்த்து என்ன செய்வது, வாயைத் திறந்து சொல்லத்தான் முடியுமா?

சொன்னது ஒரே ஒரு ஆள், கால்நடை டாக்டர் கீர்த்தனா. இருபத்தெட்டு வயதுப் பெண், உள்ளூர்தான். மூளிக்காதின் மூன்றாவது குட்டியை அவள்தான் தோட்டத்துக் கல்லின்மேல் வைத்து அறுத்துப் பார்த்தாள். குடலெல்லாம் புழு. இதே புழு தாய் வயிற்றிலும் இருக்கிறது, அவள் ரத்தம் அதைத் தாங்கிக்கொள்கிறது என்று சந்தனத்துக்கு விளக்கினாள். காட்டில் எல்லாக் குட்டிக்கும் புழு உண்டாம். வெவ்வேறு ரத்தம் கலந்து பிறந்த குட்டி அதைச் சமாளித்துவிடும், ஒரே ரத்தத்தில் திரும்பத் திரும்பப் பிறந்தது சமாளிக்காதாம். சந்தனத்துக்கு அது சட்டென்று பிடிபட்டது. மிஷினில் ஒரு ஊசி போய்விட்டால் ரோல் முழுக்கக் கோடு விழும், எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அதே ஊசிதானே திரும்ப வருகிறது. ஊசியை மாற்றாமல் துணியைத் திட்டி என்ன பிரயோசனம்?

கீர்த்தனா இதை முதலாளியிடமே சொல்கிறேன் என்று கிளம்பினாள். சந்தனம் வேண்டாம் என்றார். அவள் கேட்கவில்லை, படித்த பெண்ணுக்கு உள்ள தைரியம். தோட்டத்து வாசலில் அர்த்தநாரியை நிறுத்திப் பொறுமையாக எல்லாம் சொன்னாள். வெளியிலிருந்து ஒரு ஆண் மான் வந்தால் போதும், ஒரே வருஷத்தில் குட்டிகள் தங்கும் என்றாள். அர்த்தநாரி தலையாட்டிக்கொண்டே இருந்தார். அவருக்கு விளங்கவில்லையோ என்று நினைத்து அவள் கடைசியில் அவர் பாஷையிலேயே சொன்னாள்.

“ஏனுங்கண்ணா, நம்ம கூட்டத்துலயே நாம பொண்ணெடுப்பமுங்களா? அந்தத் தப்புத்தானுங்க இங்க நடக்குது.”

அந்த ஊர்க்காரர்களுக்குக் கூட்டம் என்றால் குலம். ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் முகமே பார்க்காதவர்களானாலும் அண்ணன் தங்கச்சி. பெண் பார்க்கப் போனால் முதல் கேள்வியே என்ன கூட்டம் என்பதுதான். அந்த மனுஷரிடம் போய் இவள் இதைச் சொல்லியிருக்கிறாள். அர்த்தநாரியின் முகம் மாறவில்லை. கைகூப்பினார்.

“நீங்க பேசறது எங்கய்யனப் பத்திங்க அம்மிணி. காப்பி குடிச்சுட்டுப் போங்க,” என்றார்.

காப்பி வந்தது, கூட முறுக்கும் வந்தது. அதோடு சரி. மறுவாரம் அவள் வந்தபோது கேட்டில் செக்யூரிட்டி, முதலாளி யாரையும் விடவேண்டாம் என்று சொல்லியிருப்பதாகச் சொன்னான். ராக்கம்மாள் கேள்விப்பட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அந்தப் பிள்ளையாவது வண்டியேறிப் போய்விடும், நமக்கு அப்படியா, இருக்கிற கொட்டகையும் போனால் அருப்புக்கோட்டையில் எந்த அப்பன் வீடு திறந்து கிடக்கிறது என்று ஒரு பாட்டம் அழுதாள்.

“அவுக அப்பன் யாரை வச்சிருந்தா நமக்கென்னய்யா? நீ கண்ண மூடிக்கிட்டுத் தழையப் போடு,” என்றாள்.

சந்தனம் கண்ணை மூடிக்கொண்டுதான் தழை போட்டார், ஆடி மாதம் வரை.

ஆடிக்காற்று ஊரையே தூக்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிடா மான் வந்து நின்றது. நொய்யல் கரைப் புதர்களிலிருந்து ஓடையைப் பிடித்தபடியே வந்திருக்க வேண்டும். மார்பு அகலம், கொம்பு நெடுக வளர்ந்து பழுத்திருந்தது. வலையில் மூக்கை வைத்து மோந்துவிட்டுக் கத்தியது. இந்தப் பக்கம் பெண்மான்கள் அத்தனையும் காதை நிமிர்த்தின. முதலில் நடந்து போனவள் மூளிக்காது. மூன்று நாளாக அந்தக் கிடா போகவில்லை. பகலெல்லாம் வலையை முட்டி முட்டி நெற்றியில் ரத்தம். சந்தனம் மூன்று நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்யலாமா என்று ஒரு மனசு. எத்தனை குட்டிக்குத்தான்டா குழி வெட்டுவாய் என்று இன்னொரு மனசு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கம்பெனியில் ஆள் இல்லை, ஊர் முழுக்கக் கறிச்சோறு தின்றுவிட்டுப் படுத்திருந்தது. சந்தனம் கட்டிங் ப்ளேயரை எடுத்துக்கொண்டு ஓடையில் இறங்கினார். வலையின் அடிப்பகுதியில் ஒரு ஆள் குனிந்து நுழைகிற அளவு அறுத்தார். வெட்டின கம்பியை உள்பக்கம் வளைத்து, துருப்பிடித்து விட்டுப்போனதுபோல் ஆக்கினார். இருமல் வந்தது, வேட்டியை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டார். கரையேறித் திரும்பிப் பார்ப்பதற்குள் அது உள்ளே வந்திருந்தது.

சண்டை கால்மணி நேரம்கூட நீடிக்கவில்லை. அய்யன் பன்னிரண்டு வயதுக் கிழம். ஆப்பிளும் வெல்லமும் தின்று கொழுத்த உடம்பு, ஆயுசில் ஒரு முட்டு வாங்கியதில்லை. வந்த கிடா விலாவில் குத்தித் தூக்கிப் போட்டுவிட்டது. நாலாம் நாள் அய்யன் போய்ச் சேர்ந்தார்.

அர்த்தநாரி மொட்டையடித்துக்கொண்டார். கம்பெனிக்கு ஒருநாள் லீவு. தோட்டத்திலேயே குழி வெட்டி, சந்தனக்கட்டை போட்டு, பட்டு போர்த்தி, இரண்டாம் தடவையாகத் தகப்பனுக்குக் கருமாதி செய்தார். அழுத அழுகை நிஜமான அழுகை. பார்த்த சந்தனத்துக்கே கண் கலங்கிவிட்டது. வலையைத் துரு தின்றுவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். அந்தக் கிடாயை என்ன செய்வது என்று கேட்டதற்கு, நாற்பத்தெட்டு நாள் விரதம் இருக்கிறேன், அதுவரை தோட்டத்தில் ஒரு எறும்புக்கும் தீங்கு நடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். விரதம்தான் மான்களைக் காப்பாற்றியது. அந்த நாற்பத்தெட்டு நாளும் வந்தவன் ராஜா.

நாற்பத்தொன்பதாம் நாள் காலையில் கம்பெனி ஆட்கள் தகர டப்பாவும் தப்பட்டையுமாக வந்தார்கள். அடிக்கவில்லை, கல்லெறியவில்லை. அர்த்தநாரி அதெல்லாம் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சும்மா சத்தம் போட்டு, பைபாஸ் பக்கத்துக் கேட்டைத் திறந்து விரட்டினார்கள். அது மிரண்டு ரோட்டில் பாய்ந்தது. நூல் ஏற்றிவந்த லாரியால் நிற்கக்கூட முடியவில்லை.

“நாம ஒண்ணும் பண்ணலீங்களே. எல்லாம் விதிங்க,” என்று அர்த்தநாரி சந்தனத்தின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அன்றைக்கே பாலத்தடியில் வலையை எடுத்துவிட்டு, தண்ணீர் போக ஓட்டை விட்டுக் கான்கிரீட் சுவர் எழுப்பினார்கள்.

பங்குனி பிறந்தது. ஓடை காய்ந்து, மான்களுக்குத் தண்ணீர் தோட்டத்துத் தொட்டியில்தான். முதலில் ஒன்று ஈன்றது, அப்புறம் இன்னொன்று, பத்து நாளில் ஆறு. சந்தனம் மண்வெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார், பழக்கதோஷம். ஆறாவதாக மூளிக்காது ஈன்றாள். ஆண் குட்டி. ஈரம் காய்வதற்குள் எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது, மடியைத் தேடிப் பிடித்தது. சந்தனம் அதன் தாடையைத் தடவிப் பார்த்தார். மேலும் கீழும் பொருந்தியிருந்தது. ஒன்பதாம் நாள் முழுக்க அவர் ஒரு வாய் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். ஒன்பது போய்ப் பத்தும் வந்தது. குட்டி துள்ளிக்கொண்டு கொட்டகை வாசல் வரை வந்து அவர் செருப்பை மோந்தது. ராக்கம்மாள்கூட வேலைக்குப் போகிற வழியில் நின்று பார்த்து, பாவி மட்டை, என்ன அழகு என்று திருஷ்டி கழித்தாள். பன்னிரண்டு வருஷத்தில் சந்தனம் அப்படிச் சிரித்ததில்லை.

இருபதாம் நாள் அர்த்தநாரி வந்தார். ஆறு குட்டியையும் பார்த்தார், பார்த்துக்கொண்டே நின்றார். மூளிக்காதின் குட்டி பயமில்லாமல் அவர் காலடிக்கு வந்தது. அதை வாரி மார்போடு அணைத்துக்கொண்டார். கண்ணீர் தாரையாகக் கொட்டியது.

“அய்யன் வந்துட்டாருங்க சந்தனம். பாருங்க, பழைய மாதிரியே என்ர காலுக்கே வர்றாரு. இனி இவர இங்க உடமாட்டனுங்க. ஊட்டுக்கே கொண்டுபோயிர்றேன்.”

வீட்டில் பூஜையறைக்குப் பக்கத்து ரூமை ஒழித்துவிட்டதாகவும், ஊத்துக்குளியிலிருந்து தினம் எருமைப்பால் வர ஏற்பாடு செய்யப்போவதாகவும் சொன்னார். முன்னே இரண்டு நோஞ்சான் குட்டிகளை அப்படித்தான் கொண்டுபோனார். புட்டிப்பால் ஒத்துக்கொள்ளாமல் பேதியாகி மூன்றாம் நாளே பட்டுத்துணியில் சுற்றித் திரும்ப வந்தன. மூளிக்காது பத்தடி தள்ளி நின்று முன்னங்காலைத் தரையில் தட்டித் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சந்தனத்துக்குத் தெரியாததா? தெரிந்துதான் வாயைத் திறந்தார்.

“மொதலாளி, இது உங்கய்யன் இல்லீங்க. அந்த வெளிக்கிடா இருந்துச்சே, அதோட குட்டிங்க. வலையத் துரு திங்கல. நாந்தான் அறுத்தேன். இவளுக்கு ஒரு குட்டியாச்சும் தங்கட்டும்னு அறுத்தேங்க.”

அர்த்தநாரி குட்டியை மெதுவாகத் தரையில் விட்டார். அது ஓடிப்போய்த் தாயின் மடியில் முட்டியது. அவர் கர்சீப்பை எடுத்துக் கையைத் துடைத்தார், விரல் விரலாகத் துடைத்தார். மற்ற ஐந்தும் அப்படித்தானா என்று கேட்டார். சந்தனம் ஆமாங்க என்றார். செரிங்க என்று சொல்லிவிட்டு அர்த்தநாரி காரில் ஏறிப் போய்விட்டார்.

சந்தனம் அன்று சாமான்களை மூட்டை கட்டினார். ராக்கம்மாள் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவளும் கட்டினாள். விரட்டிவிடுவார்கள், விரட்டட்டும், குட்டி தாயோடு இருக்கும் என்று இருவரும் நினைத்தார்கள். அர்த்தநாரியை அவர்கள் அவ்வளவுதான் தெரிந்துவைத்திருந்தார்கள்.

மறுநாள் காலை அவர் வந்து, கட்டியிருந்த மூட்டையைப் பார்த்துப் பதறிப்போனார். எதற்கு இதெல்லாம் என்று தானே ஒரு முடிச்சை அவிழ்த்தார்.

“உங்கள நான் ஒண்ணும் சொல்லமாட்டனுங்க. பன்னெண்டு வருசம் எங்கய்யனுக்குத் தழ போட்ட கைங்க. ஆனா அந்த ஆறும் எங்கய்யன் கூட்டம் இல்லீங்களே. ஆரோ வெளியாளு குட்டிக நம்ம காட்டுல எதுக்குங்க? தூக்கி வெளிய உட்ருங்க. நீங்களே செய்யோணும். உங்க கைக்குப் பழக்கந்தானுங்களே.”

தெற்குக் கேட்டுக்கு வெளியே கோழிக்கடைக்காரர்கள் கழிவு கொட்டுகிற பள்ளம். எந்நேரமும் நாய் படுத்திருக்கும். அர்த்தநாரிக்கு அது தெரியும். தெரியாது என்றுகூட அவர் பாசாங்கு செய்யவில்லை. பெண்மான்கள் இங்கேயே இருக்கட்டும், அய்யன் ரத்தம், அவற்றுக்கு நொய்யல் கிடாய் என்று ஒன்றும் வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

கம்பெனி ஆட்கள் வலையோடு வந்தார்கள். ஐந்து குட்டியைப் பிடிக்க ஐந்து மணி நேரம் ஆயிற்று. முந்தைய குட்டிகளை எடுக்க ஒரு சாக்குப்பை போதும். இவை அப்படியா ஓடின! வலையைத் தாண்டிப் பாய்ந்தன, ஆளை இடித்துத் தள்ளின, ஒன்று கட்டிங் மாஸ்டரின் பல்லைப் பெயர்த்துவிட்டது. சந்தனம் தொட்டிச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு குமுறிக் குமுறி அழுதார். ஐந்தையும் மற்றவர்கள்தான் தூக்கிப் போனார்கள்.

மூளிக்காதின் குட்டி மட்டும் கிடைக்கவில்லை. அதை அவள் எங்கே படுக்கவைத்திருக்கிறாள் என்று சந்தனத்துக்குத் தெரியும். மேற்கு வேலியோரம் உண்ணிச்செடிப் புதருக்குள். அர்த்தநாரி கேட்டார். தெரியாதுங்க என்றார் சந்தனம். இன்னொரு தரம் கேட்டார். அதே பதில்தான். அர்த்தநாரி கோபிக்கவில்லை. அது கிடைக்கிற வரைக்கும் தொட்டிக்குத் தண்ணீர் விடவேண்டாம் என்று வால்வுச் சாவியை டிரைவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

முதல் நாள் மான்கள் தொட்டியைச் சுற்றி வந்தன. சந்தனம் கொட்டகையிலிருந்து குடத்தில் மொண்டு ஊற்றினார். மாலைக்குள் கொட்டகைக் குழாயும் நின்றது. ராக்கம்மாள் கம்பெனியிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தாள்; கேட்டில் செக்யூரிட்டி தலையைக் குனிந்துகொண்டு பாட்டிலை வாங்கிக் கீழே ஊற்றினான். இரண்டாம் நாள் வெயில் நெருப்பாக எரிந்தது. இருபத்துமூன்று மான்கள் காய்ந்த சிமெண்டை நக்கின. சினை மான் ஒன்று படுத்துவிட்டது. மூன்றாம் நாள் மத்தியானம் மூளிக்காது புதரிலிருந்து தள்ளாடி வெளியே வந்தாள், மடி சுருங்கித் தொங்கியது. குட்டி பின்னாலேயே வந்து காம்பை முட்டியது, முட்டிப் பார்த்துவிட்டுக் கத்தியது. தாய் தொட்டிக்கு நடந்தாள். குட்டி சந்தனத்தைப் பார்த்ததும் அவரிடம் வந்தது.

அவர் அதைத் தூக்கிக்கொண்டார். என்ன கனம், என்ன உதை! தெற்குக் கேட் வரைக்கும் மூளிக்காது கூடவே வந்தாள். இந்தத் தடவை அவள் முட்டவில்லை, முட்ட உடம்பில் தெம்பில்லை. செக்யூரிட்டி கேட்டைத் திறந்தான். பள்ளத்தில் நாய்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. சந்தனம் குட்டியைக் கீழே விட்டு, ஓடுடா என் சாமி, ஓடு என்றார். அது ஓடியது. நாலு காலும் தரையில் படாமல், அந்தத் தோட்டத்தில் பன்னிரண்டு வருஷமாக ஒரு குட்டியும் ஓடாத ஓட்டம் ஓடியது. ஏழு நாய்களில் ஐந்தைப் பின்னால் விட்டுவிட்டுப் போனது.

மற்ற இரண்டும் பைபாஸ் பக்கமிருந்து வந்தன.

சத்தம் அடங்கிய பிறகு டிரைவர் வால்வைத் திறந்துவிட்டான். மான்கள் எல்லாம் தொட்டிக்கு ஓடின. மூளிக்காது கொஞ்ச நேரம் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றாள், பிறகு அவளும் போய்க் குடித்தாள்.